அடியும் திணையும்: ஃபோர்ஸாவின் கார் வகுப்புகள்

ஃபோர்ஸா ஹொரைசன் 5 விளையாட்டில் எந்தக் காரை எடுத்தாலும் அதன் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வண்ணப் பெட்டி ஒட்டியிருக்கும். அதற்குள் ஓர் எழுத்து, ஓர் எண். சி 560, ஏ 782, எஸ்2 931 என்று. எஞ்சினின் சக்தி, எடை, டயரின் பிடிமானம், பிரேக் என எல்லாவற்றையும் போட்டுப் பிழிந்து விளையாட்டே எடுத்துத் தரும் சாறு அந்த எண். செயல்திறன் எண் என்று வைத்துக்கொள்வோம். 100இலிருந்து 500 வரை டி வகுப்பு. 600 வரை சி, 700 வரை பி, 800 வரை ஏ, 900 வரை எஸ்1, 998 வரை எஸ்2. கடைசியில், 999 என்ற ஒரே ஓர் எண்ணுக்காக எக்ஸ் என்று தனியாக ஒரு வகுப்பு.

2021 நவம்பரில் வந்த இந்த விளையாட்டின் மெக்சிகோ நிலக்காட்சியைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. பாலைவனம், காடு, எரிமலை, குவானஹுவாத்தோ நகரத்துச் சந்துகள். எல்லாம் சரி. ஆனால் வகுப்பு முறையைப் பற்றி யாராவது பேசினால் அது 'ஏ வகுப்பில் எந்தக் கார் ஜெயிக்கும்' என்ற பட்டியலாகவே முடிந்துவிடுகிறது. இந்த விளையாட்டு எதை நியாயம் என்று நினைக்கிறது என்பது அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது. அதனால் பெட்டியைக் கொஞ்சம் திறந்து பார்க்கலாம் என்று தோன்றியது.

தமிழில் 'வகுப்பு' என்றாலே ஒரு பள்ளிக்கூட வாசனை வந்துவிடும். ஏ வகுப்புப் பிள்ளைகள், கடைசி வகுப்புப் பிள்ளைகள் என்று பிரித்து உட்கார வைக்கப்பட்டு வளர்ந்தவர்கள் நாம். அதனால் புதிதாக ஆடுகிறவர் இந்த எழுத்துகளை ஏணியாகத்தான் படிப்பார்: டியில் தொடங்கி, உழைத்து, எஸ்2வுக்குப் போய்ச் சேர வேண்டும். விளையாட்டு அப்படி நடத்தவே இல்லை. ஆரம்பத்திலேயே உங்கள் கையில் கொடுக்கும் மூன்று கார்களில் ஒன்று 2020 கார்வெட். லாட்டரிச் சக்கரத்தைச் சுற்றினால் சூப்பர் கார்கள் கொட்டும். நீங்கள் டி வகுப்புக் காரோடு ஒரு பந்தயத்துக்குப் போனால் எதிராளிகளும் டி வகுப்புக் கார்களோடு வந்து நிற்பார்கள். எக்ஸ் என்றால் எக்ஸ். ஏற வேண்டிய ஏணி கிடையாது. பக்கத்துப் பக்கத்தில் ஏழு அறைகள் இருக்கின்றன, அவ்வளவுதான்.

அறைக்குள் என்ன நடக்கிறது என்பதுதான் சுவாரசியம்.

ஏ வகுப்பின் கூரை 800. உங்கள் காரின் எண் 650 என்று வைத்துக்கொள்ளுங்கள். கையில் 150 புள்ளி மிச்சம். இதை மாதச் சம்பளம் மாதிரி பங்கு போட வேண்டும். நல்ல டயர் போட்டால் ஒரு பெரிய தொகை அங்கேயே போய்விடும். எடையைக் குறைத்தால் இன்னொரு தொகை. டர்போ போட ஆசைப்பட்டால் டயரில் கைவைக்க வேண்டும். விளையாட்டுக்குள் இருக்கும் காசு மலிவானது, அதை யாரும் எண்ணுவதில்லை. புள்ளிதான் உண்மையான பணம். கடைசியில் 797இல் வந்து நிற்கும். அந்த மூன்று புள்ளியைச் செலவழிக்காமல் விடுவது ஏதோ பாவம் மாதிரி இருக்கும். ஃப்ளைவீலை மாற்றிப் பார்ப்பது, ரிம்மை மாற்றிப் பார்ப்பது, எக்சாஸ்ட்டைக் கழற்றி மாட்டுவது என்று நள்ளிரவு வரை போகும். சரியாக 800 என்று வந்ததும் ஒரு நிம்மதி வரும். வேலையிடத்தில் சர்க்யூட் சரியாக இயங்கும்போதுகூட எனக்கு அப்படி ஒரு நிம்மதி வந்ததில்லை.

இப்படிக் கட்டிய இரண்டு 800 கார்களை எடுத்துக்கொள்வோம். ஒன்றில் புள்ளி முழுவதும் எஞ்சினுக்குப் போயிருக்கிறது, டயர் சுமார்தான். இன்னொன்றில் டயரும் எடைக் குறைப்பும் பிரமாதம், எஞ்சின் சாது. எண்ணின் கணக்குப்படி இரண்டும் சமம். கோலியாத் என்று ஒரு நீளமான பந்தயம் உண்டு, நெடுஞ்சாலைகளை இழுத்துக்கொண்டு வரைபடத்தையே சுற்றிவரும். அங்கே எஞ்சின் கார் கண்ணுக்குத் தெரியாத தூரம் போய்விடும். குவானஹுவாத்தோ சந்துகளில் அதே கார் ஒவ்வொரு திருப்பத்திலும் சுவரைத் தேடும், டயர் கார் சத்தமில்லாமல் முந்திப் போய்விடும். 'ரெண்டும் எண்ணூறுதானேடா, அப்புறம் என்ன?' என்று நண்பன் ஒருவன் கேட்டான். நியாயமான கேள்வி. 800 என்பது 'எவ்வளவு' என்பதற்கு மட்டும்தான் பதில். 'எங்கே' என்று கேட்டால் அதனிடம் பதில் இல்லை. எண் எப்போதும் ஒரு சராசரிப் பாதையை மனத்தில் வைத்துக்கொண்டுதான் பேசுகிறது, அப்படி ஒரு பாதை மெக்சிகோவில் எங்கும் இல்லாவிட்டாலும்.

அதோடு டயரின் காற்றழுத்தம், சஸ்பென்ஷனின் இறுக்கம் போன்றவற்றை நீங்கள் திருத்தினால் அந்த எண் அசையாது. ஒரே பாகங்கள் போட்ட இரண்டு கார்கள், ஒரே 800. ஒன்று வெண்ணெயில் கத்தி மாதிரி திரும்பும், மற்றது மாட்டு வண்டி. இந்த வித்தியாசத்தை உண்டாக்கும் வேலையை எண்ணால் பார்க்கவே முடியாது. விளையாட்டில் கொஞ்சம் தேறியவர்கள் தங்கள் செட்டிங்கைக் குறியீட்டு எண்ணோடு பகிர்ந்துவைப்பார்கள். 'இதுக்கு ஏன் இவ்ளோ மெனக்கெடுற, டவுன்லோட் பண்ணிக்கோ லா' என்பதும் அதே நண்பன்தான். பெரும்பாலோர் அதைத்தான் செய்கிறார்கள். நானும் எஸ்2வில் அப்படித்தான்.

இந்த இடத்தில் எனக்கு எட்டுத்தொகைதான் ஞாபகம் வருகிறது. சும்மா இலக்கிய இதழ் என்பதற்காக இழுத்துக்கொண்டு வரவில்லை. தொகுத்தவர்கள் முன்னால் இருந்ததும் இதே சிக்கல்தான்: குவிந்து கிடக்கும் அகப்பாடல்களை எப்படிப் பிரிப்பது? அவர்கள் அடியை எண்ணினார்கள். நான்கிலிருந்து எட்டு அடி வரை குறுந்தொகை. ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை நற்றிணை. பதின்மூன்றிலிருந்து முப்பத்தொன்று வரை அகநானூறு. ஓரிரண்டு பாடல்கள் எல்லை மீறி உட்கார்ந்திருப்பதை விட்டுவிட்டால், இது அப்பட்டமான எண் வகுப்பு. சி, பி, ஏ. எட்டு அடிப் பாடல் பன்னிரண்டு அடிப் பாடலைவிடக் கீழானது என்று யாரும் படிப்பதில்லை. நான்கு அடிக்குள் முடிக்க வேண்டும் என்ற நெருக்கடியிலிருந்து வரும் அழகு வேறு, முப்பது அடிக்குப் பரந்து விரியும் அழகு வேறு. கூரை எங்கே இருக்கிறது என்பதுதான் உள்ளே என்ன கட்டலாம் என்பதைத் தீர்மானிக்கிறது.

ஆனால் அதே தொகுப்பாளர்களிடம் இன்னொரு பிரிவும் இருந்தது. திணை. ஐங்குறுநூற்றில் மருதம், நெய்தல், குறிஞ்சி, பாலை, முல்லை என்று திணைக்கு நூறு பாடல்கள், திணைக்கு ஒரு புலவர். பாடல் எத்தனை அடி என்பது இங்கே இரண்டாம் பட்சம். எந்த நிலத்தில் நிற்கிறது, எந்தப் பொழுதில், எந்த மனநிலையில் என்பதுதான் கேள்வி. அடி 'எவ்வளவு' என்று கேட்கிறது, திணை 'எப்படிப்பட்டது' என்று கேட்கிறது. கார் விளையாட்டுகளும் இந்த இரண்டு கேள்விகளுக்கு நடுவேதான் அல்லாடுகின்றன.

திணைப் பக்கம் நிற்பது கிரான் டூரிஸ்மோ. 2017இல் வந்த கிரான் டூரிஸ்மோ ஸ்போர்ட்டில் சாலைக் கார்களைக் குதிரைசக்தியை வைத்துப் பிரித்தார்கள் என்றாலும், பந்தயக் கார்களை இனம் பார்த்துத்தான் பிரித்தார்கள். லெமான் 24 மணிநேரப் பந்தயத்துப் புரோட்டோடைப் வகைகள் குரூப் 1. நிஜ உலகத்து ஜிடி3 வகையைச் சேர்ந்தவை குரூப் 3. அதற்கு அடுத்தபடி குரூப் 4. மண்ணில் ஓடும் ராலி கார்களுக்குக் குரூப் பி. ஒரே குரூப்புக்குள் வேகத்தைச் சமப்படுத்த ஒவ்வொரு காரின் சக்தியையும் எடையையும் சில சதவிகிதம் ஏற்றி இறக்குவார்கள். ஆன்லைன் போட்டியில் பெரும்பாலும் நீங்கள் எதையும் தொட முடியாது. இது நிஜப் பந்தய உலகத்து வழக்கம்தான். செப்பாங்கில் ஜிடி3 பந்தயம் பார்த்தவர்களுக்குத் தெரியும்: எஞ்சினைப் பின்னால் சுமக்கும் போர்ஷேயும் முன்னால் பெரிய வி8 வைத்திருக்கும் மெர்சிடிஸும் ஒரே வளைவில் ஒட்டிக்கொண்டு வரும். இரண்டும் அவரவர் குணத்தை விடாமல் சமமாக இருக்கும். கேட்கவே அழகாக இருக்கிறது அல்லவா?

ஆனால் திணைக்குள் நுழையப் பூர்வீகம் வேண்டுமே. ஜிடி3 பந்தயத்துக்கே போகாத கம்பெனிகளின் கதி? கிரான் டூரிஸ்மோ அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தது: பூர்வீகத்தை உற்பத்தி செய்துவிட்டது. நிஜத்தில் இல்லாத பந்தயக் கார்களை அவர்களே வடிவமைத்துக் குரூப் 3க்குள் வைத்தார்கள். அவற்றில் ஒன்று ஃபோக்ஸ்வாகன் பீட்டில். பெரிய பின்னிறக்கை, விரிந்த மட்கார்டு, நம்பர் ஸ்டிக்கர் எல்லாம் இருக்கும். பார்க்கக் கம்பீரமாகத்தான் இருக்கிறது. ஆனால் பீட்டிலைக் குரூப் 3க்குள் சேர்க்க வேண்டுமென்றால் முதலில் அது பீட்டிலாக இருப்பதை நிறுத்த வேண்டியிருக்கிறது.

ஃபோர்ஸாவிலும் பீட்டில் இருக்கிறது. 1963ஆம் ஆண்டு மாடல். மெக்சிகோவில் அதற்கு வோச்சோ என்று செல்லப் பெயர். உலகத்தின் கடைசிப் பழைய பீட்டில் 2003 ஜூலையில் மெக்சிகோவின் புவெப்லா ஆலையிலிருந்துதான் வெளிவந்தது. மெக்சிகோ சிட்டியின் பச்சை வெள்ளை டாக்சிகளைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். இந்த விளையாட்டுக்குள் வோச்சோ என்ற பெயரிலேயே ஒரு கதைத்தொடர் உண்டு. அந்தக் கார் அந்த ஊர் மக்களுக்கு என்னவாக இருந்தது என்று கொஞ்சம் பாசத்தோடு சொல்கிறார்கள்.

கதை முடிந்து கராஜுக்கு வந்தால் அதே வோச்சோவின் எஞ்சினைத் தூக்கிவிட்டு வேறொன்றை வைக்கலாம். அகலமான டயர், எடைக் குறைப்பு, டர்போ. மேலே மேலே ஏற்றி ஏ வகுப்புக்குள் கொண்டுபோய்விடலாம். இந்த விளையாட்டின் பெரிய வாக்குறுதி இதுதான்: எந்தக் காரும் எந்த வகுப்புக்கும் போகலாம், பிறப்பு ஒரு தடையில்லை. எண்ணை மட்டும் பார்க்கும் முறைக்கு இப்படி ஒரு ஜனநாயகம் உண்டு. நான் அதை இளக்காரமாகச் சொல்லவில்லை. நம் வரலாற்றில் பிறப்பை வைத்துப் பிரிக்கும் முறை என்ன செய்தது என்று தெரிந்தவர்களுக்கு இந்த வாக்குறுதியின் அருமை புரியும். ஆனால் நடைமுறையில் ஏ 800இல் வந்து நிற்கும் வோச்சோவின் உள்ளே வோச்சோ எவ்வளவு மிச்சம்? நான்கு சக்கர இயக்கம், மாற்று எஞ்சின், அதே டயர். பக்கத்தில் நிற்கும் காரிலும் இவையேதான். வெளியே ஓடு மட்டும் வேறு. எல்லோரும் உள்ளே வரலாம் என்று கதவைத் திறந்துவிட்டு, உள்ளே வந்ததும் எல்லோருக்கும் ஒரே சட்டையைக் கொடுத்தது மாதிரி.

இதற்கு மாறாக டி வகுப்பில், எஞ்சினை மாற்றாமல், வோச்சோவைக் குவானஹுவாத்தோவில் ஓட்டிப் பாருங்கள். இழந்த வேகத்தைத் திரும்பப் பிடிக்க நேரம் எடுக்கும் என்பதால் ஒவ்வொரு திருப்பத்தையும் முன்கூட்டியே யோசிக்க வேண்டும். பிரேக்கைத் தொட மனம் வராது. பின்னால் கனம் இருப்பதால் அவசரப்பட்டுக் காலை எடுத்தால் வால் சுற்றிக்கொள்ளும். மேட்டில் எஞ்சின் மூச்சு வாங்குவது கேட்கும். சுவரோவியம், படிக்கட்டு, சுரங்கப்பாதை எல்லாம் கண்ணுக்குத் தெரியும். எஸ்2வில் இதே தெரு நான்கு நொடிக் கலங்கல் மட்டும்தான். இந்த விளையாட்டின் நகரங்களைக் கட்டியவர்களின் உழைப்பு சி வகுப்புக்கு மேலே போனால் வீண் என்பது என் கட்சி. நிறையப் பேர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

எண்ணால் போடும் எல்லைக்கு இன்னொரு விதியும் உண்டு. எல்லை எங்கே என்று தெரிந்த மறுநாளே அதைத் தொட்டுக்கொண்டு நிற்கும் கார் ஒன்று தயாராகிவிடும். கிரான் டூரிஸ்மோ 7 எண் முறைக்கு வந்தபோது செட்டிங்கையும் சேர்த்துக் கணக்குப் போட்டது. புத்திசாலித்தனமான யோசனைதான். உடனே ஆடுகிறவர்கள் வினோதமான செட்டிங் கொடுத்து, டோமஹாக் என்ற அசுரக் காரின் எண்ணை 600க்குக் கீழே இறக்கிக் காட்டினார்கள். கம்பெனி அதைத் திருத்தித் திருத்தி ஓய்ந்தது. ஃபோர்ஸாவின் 999க்கோ வேறு பிரச்சினை. மூன்று இலக்கம் அங்கே தீர்ந்துபோகிறது. அதற்கு மேல் எவ்வளவு வேகமான கார் வந்தாலும் அதே 999தான். எக்ஸ் வகுப்புக்குள் எல்லாரும் சமம், ஏனென்றால் அளவுகோல் அங்கே முடிந்துவிட்டது.

விளையாட்டுக்கு வெளியே, சிங்கப்பூரில் வேலை பார்க்கும் நமக்கு இது புதிதா என்ன? சிஓஇ என்று சொல்லும் வாகன உரிமைச் சான்றிதழில் ஏ பிரிவு என்று ஒன்று உண்டு. 1,600 சிசி வரை. சாதாரணக் குடும்பத்துக் கார்களுக்கானது என்ற எண்ணத்தில் போட்ட கோடு. டர்போ வந்து சின்ன எஞ்சினிலேயே பெரிய சக்தி எடுக்க முடிந்ததும் சொகுசுக் கார்கள் அந்தக் கோட்டுக்குள் வசதியாக நுழைந்தன. 2014 பிப்ரவரியில் 97 கிலோவாட், அதாவது 130 குதிரைசக்தி, என்று இரண்டாவது கோட்டைப் போட்டார்கள். அதற்கு அப்புறம் 130க்குச் சக்தியைக் குறைத்துக் கட்டிய மாடல்கள் ஷோரூமுக்கு வந்தன. ஃப்ளைவீலை மாற்றி 800இல் கொண்டுவந்து நிறுத்துவதும் இதுவும் ஒரே கைவேலை. மின்சாரக் கார்களுக்கு 2022 மே மாதத்திலிருந்து கோடு 110 கிலோவாட். அதைத் தொட்டுக்கொண்டு நிற்கும் மின்சாரக் கார்களையும் இப்போது சாலையில் பார்க்கிறோம்.

குறை சொல்லிக்கொண்டே போகலாம், ஆனால் ஃபோர்ஸாவிலேயே பதில் ஒரு மூலையில் இருக்கிறது. கராஜில் கார்களை வகுப்புக்கு வெளியே இன்னொரு விதமாகவும் அடுக்கியிருப்பார்கள்: பழைய ராலி கார்கள், ஹாட் ஹேட்ச், பழைய சலூன்கள், வேன்கள், விசித்திரமானவர்களுக்குப் பிடித்த கார்கள் என்று. சாதாரணப் பந்தயத்தில் இந்தப் பிரிவுக்குப் பெரிய வேலை இல்லை. ஆனால் வாராவாரம் மாறும் பருவப் போட்டிகளில் இரண்டையும் சேர்த்துக் கேட்பார்கள்: பி வகுப்பு, 700க்குள், பழைய ராலி கார்கள் மட்டும். அவ்வளவுதான், சட்டென்று எல்லாம் உயிர் பெற்றுவிடும். கூரை இருப்பதால் யாரும் ஓடிப்போக முடியாது. இனம் இருப்பதால் யாரும் முகமூடி போட்டுக்கொண்டு வரவும் முடியாது. மண் சாலையில் லான்சியாவின் நடையும் ஃபோர்டு எஸ்கார்ட்டின் நடையும் வேறுவேறாகத் தெரியும். எந்தக் காரை எடுப்பது என்பது அப்போதுதான் ரசனை சார்ந்த கேள்வியாகிறது. இந்த விளையாட்டில் எனக்குக் கிடைத்த சிறந்த பந்தயங்கள் எல்லாம் இந்த வாரப் போட்டிகளில்தான்.

அகநானூற்றைத் தொகுத்தவரும் இதைத்தான் செய்தார். உள்ளே வர அடிக்கணக்கு. வந்த பிறகு வரிசை திணைப்படி. ஒற்றைப்படை எண் எல்லாம் பாலை. 2, 8 என்று முடிந்தால் குறிஞ்சி, 4 என்றால் முல்லை, 6 என்றால் மருதம், பத்து பத்தாக வருவது நெய்தல். பாட்டின் எண்ணைச் சொன்னாலே அது எந்த நிலத்தில் நிற்கிறது என்று தெரிந்துவிடும். ஃபோர்ஸாவின் 800ஐப் பார்த்து அப்படி எதையும் சொல்ல முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

அடுத்த ஹொரைசன் ஜப்பானில் நடக்கிறது என்று 2025இல் அறிவித்தார்கள். எனக்கு அதில் ஆவல் டோக்கியோவின் விளக்குகள் மேல் இல்லை, கெய் கார்கள் மேல். 1990இலிருந்து 660 சிசி. கம்பெனிகள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட 64 குதிரைசக்திக் கூரை. நீளம் 3.4 மீட்டர், அகலம் 1.48 மீட்டர். வெறும் வரிச்சலுகைக்காகப் போட்ட எண்கள் இவை. அந்தப் பெட்டிக்குள் ஹோண்டா பீட் வந்தது, சுசுகி கப்பூச்சினோ வந்தது, கதவுகள் இறக்கை மாதிரி மேலே திறக்கும் ஆட்டோசாம் ஏஇசட்-1 வந்தது. அடிக்கணக்கு காலப்போக்கில் தானே ஒரு திணையாக முளைத்த அபூர்வமான இடம் அது. அதன் வாரிசு நம் பக்கமும் வந்தது: 1994இல் பெரோடுவா கன்சில், டைஹட்சு மிராவின் உடம்போடு, 660 சிசி எஞ்சினோடு. ஜொகூரில் இன்னமும் ஓடிக்கொண்டிருக்கும் கன்சில்களுக்கு ஃபோர்ஸா என்ன எண் கொடுக்கும் என்று நண்பர்களுக்குள் அவ்வப்போது சண்டை வரும். நான் டி 100 என்கிறேன். பள்ளத்தைத் தவிர்க்கும் திறமைக்குப் பத்து புள்ளி கூடப் போட வேண்டும் என்கிறான் அவன்.